முதலில் கத்தக் கற்றுக்கொண்டேன்

போன வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த 61 நாளில், எங்கள் பக்கம் பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு நடந்தது. மண்டபத்துக்கு அருகே, வடகடல் என்று நாங்கள் சொல்லும் பாக் விரிகுடா ஓரம், ஞாயிறு தோறும் காலை ஆறு மணிக்கு. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் தென்கடலான மன்னார் வளைகுடா குமுறும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். அதனால் அந்தக் கரை.

ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இராமநாதபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். இரவு பஸ்ஸை விட்டு இறங்கினால் வீட்டுக்குக் கால் மணி நேர நடை, பாதி தூரம் இருபுறமும் சீமைக்கருவேலம். அதற்கு முந்தைய கார்த்திகையில் ஒருநாள், பின்னால் வந்த ஒருவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். எதிரே வண்டி வெளிச்சம் தெரிந்ததும் விட்டுவிட்டு ஓடினான். சில நொடிகள்தான். அந்த நொடிகளில் நான் கையை இழுக்கவில்லை, சத்தம் போடவில்லை, மரம் மாதிரி நின்றேன். அவன் மேல் வந்த கோபத்தைவிட, ஏன் அப்படி நின்றேன் என்ற கேள்விதான் மாதக்கணக்கில் என்னைத் தூங்க விடவில்லை.

வகுப்பில் பதினான்கு பேர். சொல்லிக்கொடுத்தவர் கராத்தேயில் கருப்பு பெல்ட் வாங்கியவர், சிலம்பமும் தெரியும். எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டோம். முதல் நாளே குத்து, உதை என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் நிற்கத்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, முழங்கால் லேசாக மடங்கியபடி, இரண்டு உள்ளங்கையும் நெஞ்சுக்கு முன்னால். சிலம்பத்தில் காலடி சரியாக வந்த பிறகுதான் கம்பைச் சுழற்ற விடுவார்களாம், இங்கேயும் அப்படித்தான் என்றார். மணலில் அப்படி நிற்பது தரையில் நிற்பது போல இல்லை. பத்து நிமிடத்தில் கெண்டைக்கால் கடுத்துவிட்டது.

அப்புறம் கத்தச் சொன்னார். பதினான்கு பேரில் ஒருவருக்கும் குரல் எழும்பவில்லை. சத்தமாகச் சிரித்தாலே “பொம்பளப் பிள்ளைக்கு என்ன சிரிப்பு” என்று கேட்டு வளர்ந்த தொண்டைகள். கடைசியில் கடல்பாசி எடுக்கப் போகும் ஒரு அக்காதான் முதலில் கத்தினார். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, தீவுப் பக்கம் மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து பாசி பறிப்பவர். அடிவயிற்றிலிருந்து வந்த அந்தச் சத்தத்தில் கரையில் மேய்ந்த காக்கைகள் எழுந்து பறந்தன.

பயந்த உடம்பு மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கத்தும்போது அந்த மூச்சு வெளியே வந்தே தீர வேண்டும், மூச்சு நகர்ந்தால் கைகாலும் நகரும் என்று சொல்லிக்கொடுத்த அக்கா விளக்கினார். என் கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைத்தது. நான் கோழை என்பதால் உறைந்துபோகவில்லை. ஆபத்தில் உடம்பு அப்படி உறைவதுண்டு.

கராத்தேயில் கியாய் என்று ஒரு முழக்கம் உண்டு. எங்களுக்கு அதற்குப் பதில் “தள்ளிப் போ” என்று கத்தச் சொன்னார். பக்கத்தில் இருப்பவர்களுக்கு விஷயம் புரிய வேண்டும். இன்னொன்றும் கண்டிப்பாகச் சொன்னார்: “அந்த நேரத்துல அண்ணேன்னு கூப்பிடாதீங்கம்மா.” நாமெல்லாம் வாய் திறந்தாலே அண்ணே என்றுதான் தொடங்குவோம். அதை விடுவது எனக்குக் கடினமாகவே இருந்தது.

மூன்றாவது வாரம் மணிக்கட்டை விடுவிப்பது. ஜோடியாகப் பயிற்சி. பாசி எடுக்கும் அக்கா என் கையைப் பிடித்ததும் கார்த்திகை இரவு திரும்ப வந்து, அழுதுவிட்டேன். அவர் பிடியை விட்டு, என் தோளைத் தட்டி, “அழுதுக்க. அழுதுட்டு இழு” என்றார். பிடிப்பவரின் நான்கு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் தனியாக ஒரு பக்கம். கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடம்தான் பிடியின் வாய். கையை அந்தப் பக்கம் திருப்பி, முழங்கையை மடக்கி, உடம்போடு சேர்த்து வெட்டி இழுக்க வேண்டும். கை பலத்தால் மட்டும் பின்னோக்கி இழுத்தால் வராது. இருபது முறைக்கு மேல் செய்த பிறகு, கயிறு இழுத்துக் காய்த்த அந்தக் கையிலிருந்தும் என் கை வந்துவிட்டது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முஷ்டியால் குத்தினால் பழகாதவர்களுக்கு விரல் எலும்பு முறியலாம், அதனால் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி அடிக்க வேண்டும். மல்லாக்க விழுந்தால் மோவாயை நெஞ்சில் ஒட்டிக்கொள்ள வேண்டும், தலை தரையில் மோதாது. பிடி விட்டதும் நின்று சண்டை போடாமல் வெளிச்சம் உள்ள பக்கம் ஓட வேண்டும், அவசர உதவிக்கான 112 அல்லது பெண்கள் உதவி எண்ணான 181க்கு அழைக்க வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன, ஆனால் தேவைக்கு மேல் அடிக்க அதில் இடமில்லை என்பதையும் சொன்னார்.

இந்த ஆடியில் ஒரு நாள், இராமேஸ்வரம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். பின்னால் ஒருவன் வேண்டுமென்றே சாய்ந்தான். “தள்ளி நில்லு!” என்றேன். அண்ணே சேர்க்கவில்லை. பஸ் முழுவதும் திரும்பியது. நடத்துநர் “என்னம்மா?” என்று கேட்டபடி வருவதற்குள் அவன் முன்படிக்கட்டுக்குப் போய், உச்சிப்புளியில் இறங்கிவிட்டான்.

வீட்டுக்கு நடக்கும்போது பாசி எடுக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, “எம்புட்டுச் சத்தமாச் சொன்ன? இப்ப சொல்லிக் காட்டு” என்றார். கருவேலங்காட்டுக்கு நடுவில் நின்று சொல்லிக் காட்டினேன்.