எட்டு மணி செட்டில் சரளி வரிசை வருமா? நாலரை வயசுக் குழந்தைக்கு எப்படித் தொடங்குவது?

சின்னவிரல் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு நாலரை வயசு. தலையில் இருக்கும் பட்டனை அழுத்தினால் ஒலிக்கும் கலர் மணி செட் வீட்டில் இருக்கிறது. மொத்தம் எட்டு மணி. சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி, மறுபடி மேல் சி என்று எழுதியிருக்கிறது. கூட வந்த அட்டையில் பாட்டெல்லாம் கலர் வட்டங்களாக அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து மடமடவென்று அடித்துவிடுகிறாள். ஆனால் கண்ணை மூடச் சொல்லி ஒரு மணியை அடித்தால் எது என்று தெரியவில்லை. அந்த ஸ்வரத்தைப் பாடவும் வரவில்லை.

அடுத்த வருஷம் பாட்டு வகுப்பில் சேர்க்கலாம் என்றிருக்கிறோம். அதற்குள் இந்த மணிகளிலேயே ச ரி க ம ஒட்டி, கர்நாடக இசையின் முதல் பயிற்சியான சரளி வரிசையைப் பழக்கலாமா? அடித்துப் பார்த்தால் ரி-யும் த-வும் வகுப்பில் கேட்பது போல இல்லை. மணியில் கோளாறா?

இன்னொன்று. எஃப் மணி கொஞ்சம் பொய்யாகக் கேட்கிறது, ஆனால் ட்யூனர் ஆப் ஒவ்வொரு அடிக்கும் வேறு வேறு எழுத்து காட்டுகிறது. ஏ மணி நாதமே இல்லாமல் 'டொக்' என்கிறது. சரிசெய்ய முடியுமா? வீட்டில் ஒன்றரை வயசுத் தம்பியும் இருக்கிறான், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

மழலைச்சுரம் பதில்:

முதல் வேலையாக அந்தக் கலர் அட்டையை எடுத்து உள்ளே வையுங்கள். அவள் இப்போது செய்வது நிறம் படிப்பது. கண் சொல்கிறது, கை அடிக்கிறது, காதுக்கு நடுவில் வேலையே இல்லை. எத்தனை மாதம் அடித்தாலும் ஸ்வரம் பிடிபடாது.

குழந்தைக் கல்விக்குத் தனி முறை வகுத்த மரியா மாண்டிசோரியும் அவருடன் வேலை செய்த அன்னா மரியா மக்கெரோனியும் உருவாக்கிய மணிகள் இதற்கு நேர் எதிர். எல்லா மணியும் ஒரே வடிவம், ஒரே அளவு. ஒரு வரிசைக்குக் கறுப்பு வெள்ளைப் பீடம், இன்னொரு வரிசைக்கு மரநிறப் பீடம். மரநிற வரிசையில் எது எந்த ஸ்வரம் என்று பார்த்துச் சொல்லவே முடியாது. ஒரு மணியை அடித்துக் கேட்டு, அதன் ஜோடியை மற்ற வரிசையில் காதாலேயே தேட வேண்டும். ஜோடி சேர்க்க வந்த பிறகுதான் கீழிருந்து மேலாக அடுக்குவது. ஸ்வரத்தின் பெயர் அதற்கும் அப்புறம். 1939-ல் மாண்டிசோரி அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், ஆகவே நம் ஊருக்கு இது புதுசு இல்லை.

உங்களிடம் ஒரு செட்தான் இருக்கிறது, பரவாயில்லை. எட்டில் இரண்டை மட்டும் வெளியே வையுங்கள்: கீழ் சி, ஜி. நமக்கு ச, ப. மேல் சி இப்போதைக்கு வேண்டாம். கீழ் ச-வும் மேல் ச-வும் ஒன்றோடொன்று கலந்து ஒலிப்பதால் பல குழந்தைகளுக்கு இரண்டும் ஒன்றாகவே படும்.

இரண்டையும் அவள் முன்னால் அடித்துக் காட்டுங்கள். ச-வுக்குக் கை மடியில், ப-வுக்குக் கை தோளில். பிறகு ஒரு பெரிய புத்தகத்தைத் திறந்து மணிகளுக்கு முன்னால் மறைப்பாக நிறுத்தி, ஒன்றை அடியுங்கள். அவள் வாயால் பதில் சொல்ல வேண்டாம், கை எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். பத்துக்கு எட்டு சரியாக வந்தால் இ (க) சேருங்கள், அதற்குக் கை இடுப்பில். அது நிலைத்ததும் டி (ரி), பிறகு ஏ (த). எஃப், பி இரண்டும் கடைசி. இ-க்கும் எஃப்-க்கும் நடுவே அரை ஸ்வர தூரம்தான், பி-க்கும் மேல் சி-க்கும் அப்படித்தான். முதலிலேயே இவற்றைக் கொடுத்தால் குழந்தை ஊகித்துச் சொல்ல ஆரம்பித்துவிடும், அந்தப் பழக்கத்தை மாற்றுவது கடினம். ஜெர்மனியின் கார்ல் ஓர்ஃப் முறை வகுப்புகளிலும் சைலஃபோனில் எஃப், பி கட்டைகளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். மிஞ்சுவது ச ரி க ப த. அதாவது நம்முடைய மோகனம். எந்த வரிசையில் அடித்தாலும் காதுக்கு உறுத்தாது என்பதால் குழந்தை பயமில்லாமல் தானாக அடித்துப் பார்க்கும்.

பாடுவதற்கு ஒரு முக்கியமான விஷயம். மணி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பாடச் சொன்னால் அவள் குரல் அவளுக்கே கேட்காது. அடிக்க வேண்டும், இரண்டு எண்ணிக்கை கேட்க வேண்டும், உள்ளங்கையால் மணியை மூடி நிறுத்த வேண்டும், பிறகுதான் பாட வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. இந்த மணிகளின் ஒலி பெரும்பாலும் குழந்தைக் குரலுக்கு மேலே இருக்கும். அவள் ஒரு ஸ்தாயி (ஒரு ச-விலிருந்து அடுத்த ச வரை உள்ள தூரம்) கீழே பாடினால் அது சரிதான், திருத்தாதீர்கள். இந்த வயதில் சிரமமில்லாத எல்லை ஏறத்தாழ ரி-யிலிருந்து த வரைக்கும்தான். மேல் ச-வைப் பாடச் சொன்னால் கத்துவாள். அதைக் கேட்டால் போதும்.

ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அரை மணி உட்கார வைக்காதீர்கள்.

தாளத்துக்கும் இதே மணிகள் போதும். நீங்கள் எட்டு எண்ணிக்கையுள்ள ஆதி தாளம் போடுங்கள். முதல் தட்டில் அவள் ச அடிக்கட்டும், ஐந்தாவது, ஏழாவது எண்ணிக்கைகளில் விழும் தட்டுகளுக்கு ப. நடுவில் விரல் எண்ணும்போது கையை மணி மேல் வைத்து நிறுத்திக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் பாடம்.

மேளம்15 பதில்:

மணியில் கோளாறு இல்லை. உங்கள் காது சரியாகச் சொல்கிறது.

சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் இருக்கிறது, 15-வது மேளம் (ஏழு ஸ்வரமும் உள்ள 72 தாய் ராகங்களில் ஒன்று). அதில் ரி சுத்த ரிஷபம், த சுத்த தைவதம். உங்கள் செட் 29-வது மேளமான சங்கராபரணம். அதில் இரண்டும் சதுச்ருதி, அதாவது அரை ஸ்வரம் கூட. க, ம, ப, நி இரண்டுக்கும் பொது. அதனால்தான் ரி-யும் த-வும் மட்டும் உங்களுக்கு உறுத்தின. இந்த எட்டில் எந்த மணியை ச என்று வைத்துக்கொண்டாலும் மாயாமாளவகௌளை வராது. சி ஷார்ப்பும் ஜி ஷார்ப்பும் வேண்டும். பியானோவின் கறுப்புக் கட்டைகளுக்கான ஐந்து மணிகளைத் தனி செட்டாக விற்கிறார்கள். அது கிடைத்தால் டி-யின் இடத்தில் சி ஷார்ப், ஏ-யின் இடத்தில் ஜி ஷார்ப் வைத்தால் முடிந்தது.

அதுவரை சரளி வரிசையைத் தொடாதீர்கள் என்பேன். 'ச ரி க ம' என்று வாய் சொல்லும்போது சதுச்ருதி ரிஷபம் காதில் பதிந்துவிட்டால், வகுப்பில் ஆசிரியர் அதைத்தான் முதலில் அவிழ்க்க வேண்டியிருக்கும். பதிலாக மோகனத்தில் சின்னச் சின்னப் பிடிகள்: ச ரி க, க ரி ச, க ப க ரி, ப த ப க, ச ரி க ப த ச. இவை சலித்ததும் த-வை எடுத்துவிட்டு நி வையுங்கள். ச ரி க ப நி ச, ஹம்ஸத்வனி வந்துவிடும். ஒரே ஒரு மணி மாறியதும் முழு நிறமும் மாறுவதை நாலு வயசுக் குழந்தை தெளிவாக உணரும், அந்த இடத்தில் நின்று நிதானமாகக் கேட்க விடுங்கள்.

ஸ்டிக்கரை மணி மேல் ஒட்டாதீர்கள். நம் ச ஒரே இடத்தில் நிற்பது இல்லை. சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கில் சி-யை ச ஆக்கினால் 1 கட்டை, ஜி-யை ஆக்கினால் 5 கட்டை. சின்ன அட்டைத் துண்டுகளில் எழுதி மணிக்குக் கீழே வையுங்கள், மணியை நகர்த்தலாம். மோகனத்துக்கு எடுத்த அதே ஐந்து மணிகளில் டி-யின் கீழே ச அட்டையை வைத்து டி, இ, ஜி, ஏ, மேல் சி என்று அடித்துப் பாருங்கள். ச ரி ம ப நி, மத்தியமாவதி! இது குழந்தைக்கு இப்போது தேவையில்லை, உங்களுக்காகச் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. மணிகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கும் சம இடைவெளி முறையில் சுருதி சேர்க்கப்பட்டவை. அந்த முறையில் க, ச-விலிருந்து 400 சென்ட் (அரை ஸ்வர தூரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). தம்புராவில் தானாகப் பிறக்கும் அந்தர காந்தாரம், அதாவது இதே க, 386 சென்ட். 14 சென்ட் வித்தியாசம் நீட்டிப் பாடும்போது நன்றாகவே தெரியும். ப-வில் வெறும் 2 சென்ட், கவலை இல்லை. ஆகவே எது எந்த ஸ்வரம் என்று கண்டுபிடிக்கும் விளையாட்டுக்கு மணி, நிறுத்திப் பாடுவதற்கு தம்புரா ஆப். இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, மணியில் கிடையாது, அதை உங்கள் குரலிலோ ஆசிரியர் குரலிலோதான் கேட்க வேண்டும்.

சின்னவிரல் கேட்டது:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. ரி, த விஷயம் இப்போதுதான் புரிகிறது. அந்த ஐந்து மணி செட் கிடைக்காவிட்டால் வேறு வழி உண்டா? ஹேக்ஸா, அரம் எல்லாம் வீட்டில் இருக்கிறது.

குழாய்நாதம் பதில்:

இருக்கிறது. அவசரத்துக்கு ஜலதரங்க வழி: பீங்கான் கிண்ணம், விளிம்பில் மரக்குச்சி. தண்ணீர் ஊற்ற ஊற்ற ஸ்வரம் இறங்கும். ஏற்ற முடியாது. ஆகவே காலியாக இருக்கும்போது வேண்டிய ஸ்வரத்துக்குச் சற்று மேலே ஒலிக்கும் கிண்ணமாகத் தேர்ந்தெடுங்கள். ஆனால் ஒன்றரை வயசுப் பையன் இருக்கும் வீட்டில் இது நிலைக்காது.

நிரந்தரமாக வேண்டுமென்றால் அலுமினியக் குழாய். 20 மி.மீ. வெளிவிட்டம், 1.5 மி.மீ. கனம், 12 அடி நீளம் ஒன்று வாங்கினால் மாயாமாளவகௌளை எட்டு ஸ்வரமும் வெட்டி மிச்சம் இருக்கும். எட்டும் ஒரே குழாயிலிருந்து வர வேண்டும், வேறு வேறு குழாய்த் துண்டுகளைக் கலந்தால் கணக்கு பொய்த்துவிடும். குழாயின் அதிர்வெண் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் போகும். ஆகவே மேல் ச-வுக்குப் பாதி நீளம் வராது, 0.707 பங்கு. பலர் பாதியாக வெட்டிவிட்டு விழிப்பது இங்கேதான்.

ச 45 செ.மீ. என்றால் மற்றவை இப்படி:

ரி (சுத்த) 43.7
க (அந்தர) 40.1
ம (சுத்த) 38.9
ப 36.8
த (சுத்த) 35.7
நி (காகலி) 32.8
மேல் ச 31.8

ச ஏறத்தாழ 2 கட்டையை ஒட்டி வரும், குழாயின் உண்மையான கனத்தைப் பொறுத்துக் கொஞ்சம் மாறலாம். அது எதுவாக இருந்தாலும் அதையே ச என்று வைத்து மற்றவற்றைச் சேருங்கள். இதே காரணத்தால் குழாயையும் மணியையும் சேர்த்து வாசிக்க முடியாது, தனி வாத்தியமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொன்றையும் 2 மி.மீ. கூடவே வெட்டுங்கள். 1 மி.மீ. குறைந்தால் நீளக் குழாயில் சுமார் 8 சென்ட், குட்டைக் குழாயில் 11 சென்ட் ஏறிவிடும். ராவினால் ஏறும், திரும்ப இறங்காது. ராவும்போது குழாய் சூடாகி ஸ்வரம் தாழ்ந்து காட்டும். அந்த நேரத்தில் அளந்துவிட்டு இன்னும் ராவினால் ஆறியபின் கூடிப்போயிருக்கும். ஐந்து நிமிஷம் ஆறவிட்டு அளங்கள்.

எங்கே தாங்குகிறோம் என்பதில்தான் நாதம் இருக்கிறது. இரண்டு முனைகளிலிருந்தும் நீளத்தில் 22.4 சதவீதம் உள்ளே அதிர்வில்லாத புள்ளி. 45 செ.மீ. குழாய்க்கு 10.1 செ.மீ., மேல் ச-வுக்கு 7.1 செ.மீ. ஒரு பலகையில் இரண்டு ஸ்பான்ஜ் பட்டைகளை, ச பக்கம் அகன்றும் மேல் ச பக்கம் குறுகியும் ஒட்டி, அதன் மேல் குழாய்களை வையுங்கள். முனையில் தாங்கினால் 'டக்' என்று செத்துவிடும். நடுவில் அடிக்க வேண்டும். பென்சில் நுனியில் கெட்டியான ரப்பர் உருண்டை செருகினால் போதும், ஸ்டீல் ஸ்பூன் வேண்டாம், கிறீச்சென்ற மேலொலிதான் முன்னால் வரும்.

வெட்டிய விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். உள்ளேயும் வெளியேயும் ராவி, உப்புத்தாள் போட்டு மழுக்குங்கள். டேப் சுற்றி மூடலாம் என்று நினைக்காதீர்கள், முனையில் எடை ஏறினால் ஸ்வரம் இறங்கிவிடும். மழுக்கும் வேலையை முடித்த பிறகே கடைசிச் சுருதி பாருங்கள்.

வெண்கலஒலி பதில்:

எஃப், ஏ மணிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

ட்யூனர் தடுமாறுவதற்குக் காரணம் மணியின் மேலொலிகள். அடித்த கணத்தில் அவை பலமாக இருக்கும், வீணைத் தந்தியில் போல ஒழுங்கான விகிதத்திலும் இருக்காது. மெதுவாக அடித்து, அரை விநாடி விட்டு, நீளமாக நிற்கும் ஒலியை மட்டும் படியுங்கள். போனை ஒரு சாண் தள்ளி வையுங்கள், ஆப்பில் ஏ 440 என்று இருக்கிறதா பாருங்கள். 10 சென்டுக்குள் இருந்தால் விட்டுவிடலாம். 20-க்கு மேல் போனால் அந்த மணியைக் காதுப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள். எஃப் கூடுதலாக ஒலித்தால், விளிம்பின் உள்பக்கம் பயறளவு களிமண் உருண்டை ஒட்டிப் பாருங்கள், ஸ்வரம் இறங்கும். அளவு சரியானதும் அதே எடைக்கு எம்-சீல் வைத்து இறுகவிடலாம். நிறைய வைத்தால் நாதம் குறுகிவிடும். தாழ்ந்து ஒலித்தால் விளிம்பை ராவிப் பார்க்காதீர்கள். மாற்று மணி வாங்குவதே நல்லது.

'டொக்' என்பது பெரும்பாலும் எதுவோ கிண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதால். கவிழ்த்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் சுத்தி அடித்த பிறகு திரும்பி வராமல் கிண்ணத்தில் சாய்ந்து நின்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. கிண்ணத்தைப் பிடிக்கும் நட்டு தளர்ந்திருந்தால் கிண்ணம் ஒரு பக்கம் சரிந்து பீடத்தில் இடிக்கும். நிமிர்த்தி முடுக்குங்கள். பட்டனை முஷ்டியால் குத்தும் பழக்கம் இருந்தால் இரண்டும் திரும்பத் திரும்ப வரும், ஒரு விரலால் தொட்டு உடனே விடக் கற்றுக்கொடுங்கள்.

தம்பிக்காக: நட்டு, பட்டன், ரப்பர் உருண்டை, அந்த எம்-சீல் துண்டு எல்லாமே அவன் வாய்க்குள் போகிற அளவு. விளையாட்டு முடிந்ததும் பெட்டியில் போட்டு மேல் அலமாரிக்குப் போகட்டும். மணியை அவன் காதருகே கொண்டுபோய் அடிக்கவும் விடாதீர்கள், உலோக மணி அந்தத் தூரத்தில் மிகச் சத்தம்.