வைல்ட் டிஸ்கஸ்: நிறம் கண்ணில் பட்ட அந்த நேரம் (அனுபவப் பகிர்வு)

கொளத்தூர்_ஞாயிறு:

நாலு மாதம் ஆகிறது. இன்னும் படுக்கப் போகும்போது நினைவுக்கு வருகிறது, எழுதிவிட்டால் போய்விடுமா பார்ப்போம்.

சென்னை கொளத்தூர் அலங்கார மீன் கடைகளில் வழக்கமான ஞாயிற்றுக்கிழமைச் சுற்று. ஒரு கடையின் கடைசித் தொட்டி, மேலே கோணி போட்டு மூடியிருந்தது. உள்ளே ஒரே ஒரு டிஸ்கஸ், தட்டு மாதிரி வட்டமான மீன், காப்பிப்பொடி நிறத்தில். பக்கத்துத் தொட்டியில் பிஜியன் பிளட், ரெட் மெலன் என்ற பண்ணை டிஸ்கஸ் ரகங்கள் பட்டாசுக்கடை மாதிரி ஜொலிக்க, இது மூலையில் நடுவயிற்றில் ஒரு கறுப்புப் பட்டையோடு நின்றது. "ஹெக்கல் சார், வைல்டு. ரியோ நெக்ரோ" என்றார் கடைக்காரர். பண்ணையில் பிறக்காமல், அமேசானின் கிளையாறான ரியோ நெக்ரோவில் பிடித்த ஹெக்கல் வகை டிஸ்கஸ். விலையும் சொன்னார். சிரித்துவிட்டேன். அந்தக் காசுக்கு எட்டு பிஜியன் பிளட் வாங்கலாம்.

அவர் கோபப்படவில்லை. எழுந்துபோய் டியூப் லைட்டை அணைத்தார். செல்போன் டார்ச்சை மேலிருந்து அடிக்காமல், கண்ணாடியோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார். கன்னத்தில் ஆரம்பித்து நெற்றி ஏறி முதுகு வரைக்கும் நெளிநெளியாக நீலக்கோடு. மயில்கழுத்துப் பட்டை மடித்துப் பிரித்தால் ஒரு நீலம் ஓடுமே, அது. மீன் அரை அங்குலம் திரும்பியது, கோடு அணைந்தது. மறுபடி திரும்பியது, எரிந்தது.

"யோசித்துச் சொல்கிறேன்" என்று வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு போனால் தொட்டி காலி, கோணி மட்டும் மடித்து வைத்திருந்தது.

இப்படி யாருக்காவது?

பினாங்கு_பையன்:

அண்ணே, டார்ச் வித்தையைப் பார்த்து மயங்காதீர்கள். பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் கெண்டை மீன்கூட மின்னும். வைல்ட் என்று சொல்லி விற்றதெல்லாம் வைல்ட் கிடையாது. ஹார்மோன் கொடுத்து நிறம் ஏற்றிய குஞ்சுகளை நானே வாங்கி ஏமாந்திருக்கிறேன், மூன்று மாதத்தில் சாயம் வெளுத்த வேட்டி ஆகிவிட்டன.

சரி, என் கதை. இங்கே டிஸ்கஸ் பண்ணை ஒன்றில் வரிசை வரிசையாக வெறும் கண்ணாடித் தொட்டிகள், மண் இல்லை, செடி இல்லை. எல்லாமே கலர் மீன். கடைசியில் ஒன்றில் மட்டும் புது ரத்தம் சேர்க்க வாங்கிவைத்த வைல்ட் பச்சை டிஸ்கஸ், பிரேசிலின் டெஃபே ஏரி மீன் என்றார்கள். உடம்பு முழுக்கச் சிவப்புப் புள்ளி, அது கேள்விப்பட்டதுதான். ஆனால் எனக்கு முதுகைக் காட்டி நின்றது. திரும்பட்டுமே என்று விரலால் கண்ணாடியை ஒரு தட்டு தட்டினேன். அவ்வளவுதான், தொட்டியின் எதிர்ச்சுவரில் போய் இடித்தது. ஒரு செதில் மெதுவாகச் சுழன்று சுழன்று அடிக்குப் போனது. பண்ணைக்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். புள்ளிகளையும் நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

மூணாவது_இன்ஜினியர்:

பினாங்குத் தம்பி, டார்ச் வித்தை இல்லை. ஹெக்கலை நான் சூரிய வெளிச்சத்தில், அது பிறந்த தண்ணீரிலேயே பார்த்தேன்.

எனக்கு ஊர் தூத்துக்குடி, கப்பல் வேலை. 2011இல் பிரேசிலின் மனாஉஸ் துறைமுகத்தில் நாலு நாள். கடலிலிருந்து ஆற்றுக்குள்ளேயே சுமார் 1,500 கிலோமீட்டர் போய்ப் பெரிய கப்பல் நிற்கிற ஊர் அது. ஊரை ஒட்டி ரியோ நெக்ரோ கறுப்பாகவும் அமேசானின் மேல்பகுதியான சோலிமோயிஸ் பால் டீ நிறத்திலும் ஆறு கிலோமீட்டர் தூரம் கலக்காமலே ஓடுகின்றன. எல்லோரும் அதைப் பார்க்கத்தான் படகு எடுப்பார்கள், நானும் எடுத்தேன். நெக்ரோ தண்ணீரைக் கையில் அள்ளினால் பால் விடாத டீ, வாளியில் பார்த்தால் டிகாஷன். காட்டு இலை ஊறி ஊறி வந்த நிறம்.

திரும்பும் வழியில் படகுக்காரன் மச்சான் வேலை செய்கிற ஒரு கொட்டகைக்குக் கூட்டிப்போனான். மீன் ஏற்றுமதிக்கு வரும் இடம். ஆழமில்லாத பிளாஸ்டிக் தொட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக. நம் ஊர்ப் பரோட்டாக்கடை டப்பா மாதிரி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா ஒன்றைத் தூக்கி வாசல் பக்கம் சாய்த்துக் காட்டினார். மாலை நாலரை, ஐந்து மணி வெயில் தாழ்வாக வந்தது. டிகாஷனுக்குள் ஒரு வட்டம் படுத்திருந்தது. தண்ணீர் இந்தப் பக்கம் வழிந்து வந்ததும் அது நிமிர்ந்தது. நிமிர்ந்த அந்த நொடியில் பழுப்பு உடம்பின் மேல் நீலம் கீற்றுக் கீற்றாக ஏறியது, நடுப்பட்டை மட்டும் கரி. "அகாரா டிஸ்கோ" என்றார், டிஸ்கஸுக்கு அங்கே அதுதான் பெயர். நான் தலையாட்டினேன். என் போன் கப்பலில் சார்ஜில் கிடந்தது.

இந்த மீன்கள் மேலே பார்சேலோஸ் பக்கமிருந்து வருகின்றன, மனாஉஸிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர். மனாஉஸில் ஆற்றுமட்டம் ஆண்டுக்குச் சுமார் பத்து மீட்டர் ஏறி இறங்கும். தண்ணீர் வடியும்போது விழுந்த மரக்கிளைகளுக்குள் டிஸ்கஸ் ஒதுங்கும், ராத்திரி டார்ச் அடித்துக் கைவலையால் எடுப்பார்களாம். அந்த ஊர்த் திருவிழாவே அலங்கார மீன் திருவிழாதான். கார்டினல் டெட்ரா என்ற சின்ன மீனின் பெயரில் கார்டினல் கட்சி, அகாரா டிஸ்கோ கட்சி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து ஆட்டம் போட்டி. அது படகுக்காரன் சொன்னது, நான் பார்க்கவில்லை.

இன்னொன்று. ஹெக்கல் என்ற விலங்கியலாளர் 1840இல் வியன்னாவில் உட்கார்ந்து இந்த மீனுக்குப் பெயர் வைத்தார். மீனைப் பிரேசிலில் சேகரித்தவர் நாட்டெரர் என்ற ஆய்வாளர். ஹெக்கல் கைக்கு வந்தது பதப்படுத்தின செத்த மீன். வட்டமாக இருக்கிறது என்று டிஸ்கஸ் என்றார். நிறத்தை வைத்துப் பெயர் வைக்கவில்லை, எங்கே வைப்பது!

வேளச்சேரிக்காரி:

நான் கடையில் பார்த்து வாங்காமல் விட்டவள் இல்லை, வாங்கியவள். இரண்டு ஹெக்கல், ஒன்றரை வருடம். பகலில் பார்க்க வருகிறவர்கள் "இதுக்கா இவ்வளவு காசு?" என்பார்கள். மாமியார் அதற்குத் "தட்டு" என்று பெயர் வைத்திருந்தார், குழம்புக்கும் ஆகாது என்பார்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். திங்கட்கிழமை காலையிலேயே கரண்ட் போனது. கீழ்வீட்டில் இடுப்பளவு தண்ணீர், நாங்கள் முதல் மாடி. பேட்டரி ஏர் பம்ப் ஒன்றுதான் இருந்தது. தொட்டி இரண்டு: டிஸ்கஸ் தொட்டி, பிள்ளைகளின் கோல்ட்ஃபிஷ் தொட்டி. சின்னவள் அழுதாள். பம்ப்பைக் கோல்ட்ஃபிஷுக்கு வைத்தேன். டிஸ்கஸுக்குச் சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம், குமிழி போகட்டும் என்று.

இரண்டாம் நாள் ராத்திரி என் கை தூக்க முடியவில்லை. மாமியார் வந்து சொம்பை வாங்கிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். மெழுகுவத்தியைத் தொட்டியின் ஓரத்தில் வைத்தார். இரண்டு மீனும் பயத்தில் கறுத்துப் போயிருந்தன, ஒன்று சாய்ந்தே கிடந்தது. அந்தச் சாய்ந்த மீனின் நெற்றியில், மெழுகுவத்தி ஆட ஆட, நீலம் ஓடியது. "ஏய், இங்க வந்து பாரு, தட்டுக்கு நாமம் போட்டிருக்கு" என்றார். ஒன்றரை வருடத்தில் அவ்வளவு கிட்டத்தில் அதைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

விடியற்காலை அது போய்விட்டது. இன்னொன்று இருக்கிறது. பம்ப்பை எந்தத் தொட்டிக்கு வைத்தேன் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஆர்ஓ_அண்ணன்:

நல்ல பதிவு சகோதரி. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். கோல்ட்ஃபிஷ் குளிர்ந்த தண்ணீரில் குறைந்த ஆக்சிஜனுக்குத் தாக்குப்பிடிக்கும். டிஸ்கஸ் தொட்டி 29 டிகிரி, சூடான தண்ணீரில் ஆக்சிஜன் கம்மி. பம்ப்பை மாற்றி வைத்திருக்க வேண்டும். வருங்காலத்தில் யாருக்காவது உதவும் என்றுதான் சொல்கிறேன்.

வைல்ட் வாங்க நினைப்பவர்கள் கவனிக்க. சென்னை போர் தண்ணீரில் வைல்ட் ஹெக்கலைப் போட்டுவிட்டு நிறம் வரவில்லை என்று புலம்பாதீர்கள். ஆர்ஓ தண்ணீர் வேண்டும், டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 50க்குக் கீழே. ரியோ நெக்ரோவில் பிஎச் (அமிலத்தன்மை அளவு, குறையக் குறைய அமிலம் அதிகம்) நாலு, ஐந்துதான். அதற்காக அமிலத்தை ஊற்றி இறக்காதீர்கள். தெருவில் பாதாம் மரம் என்கிறோமே, நாட்டு வாதுமை, அதன் காய்ந்து விழுந்த இலை போதும், தண்ணீர் டீ நிறமாகும். பச்சை இலை வேண்டாம்.

முக்கியமானது: பிஎச் ஆறுக்குக் கீழே போனால் மீன் கழிவின் அம்மோனியாவை மாற்றுகிற ஃபில்டர் பாக்டீரியா சோம்பிவிடும். ஆனால் அந்தப் பிஎச்சில் அம்மோனியா பெரும்பாலும் விஷம் குறைந்த அம்மோனியமாக இருப்பதால் மீனுக்கு ஒன்றும் தெரியாது, நமக்கும் தெரியாது. திடீரென்று ஒருநாள் பிஎச் 8 உள்ள லாரித் தண்ணீரைப் பாதித் தொட்டி ஊற்றினால், அத்தனை நாள் சேர்ந்ததும் ஒரே மூச்சில் விஷமாகும். மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். எனக்கு நடந்திருக்கிறது, 2016இல், ஐந்து மீன். அதைப் பற்றி வேறொரு நாள்.

புது மீனை ஒன்றரை மாதமாவது தனியாக வையுங்கள். வைல்ட் மீன் சும்மா வராது, செவுளில் புழுவும் குடலில் ஒட்டுண்ணியும் சேர்ந்துதான் வரும். கழிவு வெள்ளை நூல் மாதிரி வந்தால் சாப்பாட்டைக் குற்றம் சொல்லாதீர்கள், குடலைப் பாருங்கள். மாட்டு இதயத்தை அரைத்துப் போட்டே வளர்ப்பவர்கள் பண்ணை மீனோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பின்கண்ணாடிக்குக் கறுப்பு ஒட்டுங்கள், வைல்டுக்கு அது பொருந்தும். பிஜியன் பிளட்டுக்கு ஒட்டாதீர்கள், மிளகுத்தூள் தூவின மாதிரி கரும்புள்ளி வந்துவிடும். விளக்கு ஒரு ஓரத்தில், மங்கலாக. அவ்வளவுதான். இதைச் செய்தால் டார்ச்சும் வேண்டாம், மெழுகுவத்தியும் வேண்டாம்.

வேளச்சேரிக்காரி:

அண்ணா, நான் ஆலோசனை கேட்கவில்லை. அந்த ஐந்து மீன் கதையைச் சொல்லியிருக்கலாம்.

ஸ்காபரோ_தம்பி:

எல்லாரும் நீலத்தைப் பற்றியே கதைக்கிறீர்கள். எனக்கு மறக்காதது நிறமே இல்லாமல் நின்ற நாள்.

என்னிடம் ஒரு சோடி வைல்ட் பிரவுன் டிஸ்கஸ், பிரேசிலின் அலென்கேர் பக்கத்து மீன் என்று வாங்கினது. குளிர்காலம், வெளியே பனி. முட்டை பொரித்து மூன்று நாலு நாளில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கின. தாய்க்கும் தகப்பனுக்கும் உடம்பு கரிச்சட்டி மாதிரிக் கறுத்துவிட்டது. வருத்தமாக்கும் என்று மருந்துப் போத்தலை எடுத்துவிட்டேன். அம்மாதான் கையைப் பிடித்தா. "பொறு, அதுகள் என்ன செய்யுது எண்டு பார்."

குஞ்சுகள் தாயின் விலாவில் மொய்த்துக்கொண்டு கொத்துகின்றன. தோலில் ஊறுகிற சளிதான் அதுகளுக்குப் பால். கொஞ்ச நேரத்தால் தாய் உடம்பை ஒரு சுண்டு சுண்டியது. அவ்வளவு குஞ்சும் சிதறி, ஒரு கணம் தண்ணியில் தொங்கி, அப்படியே தகப்பனில் போய் ஒட்டின. தகப்பன் அசையவில்லை. பத்து நிமிடத்தால் அவர் சுண்டினார், திரும்பத் தாய்க்கு.

அம்மா சொன்னா: "உன்ர அப்பா ஒருநாளும் இப்பிடி மாறி எடுக்கேல்லை."

அவ போய் இரண்டு வருசம். குஞ்சுகள் பெருத்துக் கைமாறிப் போய்விட்டன. சுண்டுகிற அந்த அசைவுதான் கண்ணுக்குள் நிற்கிறது.

பண்ணைமீன்_போதும்:

எல்லாம் சரி. ஆற்றிலிருந்து பிடித்து, பையில் கட்டி, பாதி உலகம் பறக்கவைத்து, கொளத்தூரில் கோணி போட்டு மூடி வைக்கிறோம். அப்புறம் "அழகு, அழகு" என்கிறோம். பண்ணையில் பிறந்ததே இவ்வளவு நிறத்தில் இருக்கும்போது எதற்கு?

மூணாவது_இன்ஜினியர்:

நியாயமான கேள்வி, நானும் கேட்டுக்கொண்டதுதான். ஆனால் அந்தக் கொட்டகை அம்மாவை நினைத்துப் பாருங்கள். பார்சேலோஸ் பக்கத்தில் மீன்பிடிக்கிற குடும்பங்களுக்குக் காட்டை வெட்டாமல் கிடைக்கிற வருமானம் இது. அங்கே பியாபா திட்டம் என்று ஒன்று இருக்கிறது, "ஒரு மீன் வாங்கு, ஒரு மரத்தைக் காப்பாற்று" என்பது அவர்கள் வாசகம். பெரும்பங்கு கார்டினல் டெட்ராதான், டிஸ்கஸ் கொஞ்சம். பண்ணைக் கார்டினல் மலிவாக வந்ததும் அங்கே பிழைப்புத் தேய்ந்தது. மரமும் மீனும் அவ்வளவு நேர்க்கணக்கா என்றால் எனக்கும் சந்தேகம் உண்டு. ஆனால் பண்ணைதான் புண்ணியம் என்று அடித்துச் சொல்லாதீர்கள். வழியில் சாகிற மீனுக்கு என்னிடம் பதில் இல்லை.

கொளத்தூர்_ஞாயிறு:

இத்தனை பேர் எழுதிய பிறகு இன்றைக்குச் சும்மா இருக்க முடியவில்லை, அந்தக் கடைக்குப் போனேன். கடைசித் தொட்டியில் இப்போது பிளாட்டி என்ற சின்ன மீன்கள்.

"அண்ணே, அந்த ஹெக்கலை யார் வாங்கினது?" என்று கேட்டேன்.

கல்லாவில் பில் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "யாரும் வாங்கல சார். ரெண்டு மாசம் வச்சிருந்தேன், எல்லாரும் உங்கள மாதிரி யோசிச்சுச் சொல்றேன்னு போனாங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்."

அவர் இரண்டு மாதம் என்றதும் திடுக்கிட்டேன். ஒரு வாரத்தில் நான் போனபோது தொட்டி காலியாகத்தானே இருந்தது? கேட்டேன். அன்றைக்குத் தண்ணீர் மாற்றப் பின்கட்டில் வாளியில் விட்டிருந்தாராம். நான் கேட்கவே இல்லையே.

போனில் வீடியோ காட்டினார். வீட்டுக் கூடம், டிவி சத்தம், தொட்டி, காப்பிப்பொடி நிறத்தில் ஒரு வட்டம். அவ்வளவுதான். "வீடியோவுல வராது சார்" என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பில்லைக் கிழித்தார்.