பிக்ஃபுட் தடம் தேடப் போகிறோம், கொஞ்சம் வழி சொல்லுங்கள்

போர்ட்லேண்ட் பக்கம் இருக்கும் நண்பர்களே, மே கடைசியில் நானும் என் பத்து வயது மகளும் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலைக்குத் தெற்கே காட்டில் இரண்டு நாள் சுற்றப் போகிறோம். காட்டில் உலவுவதாகச் சொல்லப்படும், குரங்கு மனிதன் போன்ற பிக்ஃபுட்டைத் தேடித்தான். சிரிக்காதீர்கள், அங்கே ஸ்கமேனியா கவுண்டியில் 1969-லேயே அதைக் கொல்லக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். அப்போது அபராதம் 10,000 டாலர் வரை!

எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 1958-இல் கலிபோர்னியாவில் அந்தப் பெயரைப் பிரபலமாக்கிய தடங்கள், அங்கே சாலை போட்ட ஒப்பந்ததாரர் ரே வாலஸ் மரக்கட்டைப் பாதத்தால் பதித்தவை என்று, 2002-இல் அவர் இறந்ததும் அவர் குடும்பத்தாரே சொல்லிவிட்டார்கள். போன வசந்தத்தில் நாங்கள் பார்த்ததும் கரடித் தடமாகத்தான் இருக்கும். முன்கால் தடத்தின் மேல் பின்கால் பதிந்தால் நீளமான ஒரே பாதம்போலத் தெரியும். மகள் ஒப்புக்கொள்ளவில்லை. சரி என்று அச்சு எடுத்தோம். கலவை நீர்த்துப்போய், கல்லில் ஒட்டிய தோசைபோலப் பிய்ந்து வந்தது.

ஈரச் சேற்றில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை எவ்வளவு கெட்டியாகக் கரைக்க வேண்டும்? எத்தனை நேரம் விட்டு எடுப்பது? அப்புறம், அந்தச் சமயம் மேட்டுச் சாலைகளில் பனி உருகியிருக்குமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள். கரடி ஸ்ப்ரே வாங்கிவிட்டேன்.