மறு: ஃப்ளேக்ரன்ட் ஃபவுல் – ‘வேண்டுமென்றே’ வேண்டாமே

குழுவில் எல்லோருக்கும் வணக்கம்.

கூடைப்பந்தில் சாதாரண ஃபவுலைவிடக் கடுமையான ஃப்ளேக்ரன்ட் ஃபவுலுக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு, மூன்று நாளாக வந்து குவிந்த சொற்களை ஒருவழியாக வாசித்து முடித்தேன். "வேண்டுமென்றே செய்யும் தவறு" என்பதற்குத்தான் அதிகம் பேர் கை தூக்கியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. காரணம் சொல்ல ஒரு சின்னக் கதை.

போன மாதம் எங்கள் பக்கம், ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகிற வழியில், இரண்டு தேயிலைத் தோட்டத்துப் பையன்களுக்குள் ஒரு ஆட்டம். சிமெந்துத் தரை, விடியப் பெய்த மழை இன்னும் காயவில்லை. எங்கள் பையன் பந்தோடு கூடைக்குக் கீழே எம்புகிறான், பின்னால் ஓடி வந்தவன் பந்து எட்டவே எட்டாத தூரத்தில் இருந்துகொண்டு தோளில் கையைப் போட்டு இழுத்துவிட்டான். விழுந்தவனுக்கு முழங்கைத் தோல் உரிந்து தரையில் ஒரு சிவப்புக் கோடு. நடுவர் சாதாரண ஃபவுல்தான் கொடுத்தார். நல்ல மனுஷன், யாருக்கும் சாய்கிறவர் இல்லை. கேட்டதற்கு, "வேணும்னே பண்ணலையே தம்பி, வழுக்கிருச்சி" என்றார். அவர் கையில் இருந்த விதித்தாளை அவசர அவசரமாகத் தமிழாக்கிக் கொடுத்தது நான்தான். அதில் "வேண்டுமென்றே செய்யும் தவறு" என்றே எழுதியிருந்தேன். எழுதியபடிதான் மனுஷன் தீர்ப்புச் சொன்னார், அவரை என்ன குறை சொல்வது?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் விதியை எடுத்துப் பாருங்கள், ஆட்டக்காரன் மனதில் என்ன இருந்தது என்று அது கேட்பதே இல்லை. தொடுகை தேவையற்றதாக இருந்தால் முதலாம் தரம். தேவையற்றது மட்டுமல்லாமல் அளவுக்கும் மிஞ்சியிருந்தால் இரண்டாம் தரம். இரண்டுக்கும் தண்டனை இரண்டு ஃப்ரீ த்ரோ (யாரும் மறிக்காமல் கூடைக்கு எறிவது), அதோடு பந்தும் எதிரணிக்கு. இரண்டாம் தரம் என்றால் ஆள் உடனே வெளியே. ஒரே ஆட்டத்தில் முதலாம் தரம் இரண்டு வாங்கினாலும் வெளியேதான். ஃப்ளேக்ரன்ட் என்ற பிரிவே வந்தது 1990–91 பருவத்தில். அதற்கு முன்பு, 1984 இறுதித் தொடரின் நாலாவது ஆட்டத்தில், பாஸ்டனின் கெவின் மெக்ஹேல் வேகமாக ஓடி வந்த எதிரணி கர்ட் ராம்பிஸைக் கழுத்தில் கை போட்டுத் தரையில் சாய்த்தாரே, அன்றைக்கு அவரை வெளியே அனுப்பவில்லை. இன்று அதையே செய்தால் உடை மாற்றும் அறைக்கு நேராக நடக்க வேண்டியதுதான்.

அடுத்து, கண்டி ஐயா சொன்ன "அப்பட்டத் தவறு". அகராதிப்படி மிகச் சரி. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு லத்தீன் வேரில் எரிவது என்று பொருள், நாம் கையும் களவுமாக என்று சொல்கிற இடத்துக்கும் அதே வேரில்தான் ஒரு தொடர் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஐயா, அப்பட்டமாக இருந்தால் எதற்கு அத்தனை சண்டை? பிளேஆஃப் (பருவ முடிவில் கோப்பைக்கான தொடர்கள்) நேரத்தில் இங்கே காலை ஆறு மணிக்கு, சனம் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகிற நேரம், சிக்னல் கிடைக்கிற ஒரே ஜன்னலோரமாக போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நடுவர்கள் மைதான ஓரத்துத் திரையில் ஒரே காட்சியை முன்னும் பின்னும் ஓட்டுகிறார்கள், நியூ ஜெர்சியில் செகாகஸ் என்ற ஊரில் அதற்கென்றே ஒரு நிலையம் வேறு. இவ்வளவு பார்த்த பிறகும் சில சமயம் மறுநாள் லீக் அலுவலகம் தீர்ப்பை மாற்றுகிறது. இதற்கு "அப்பட்டம்" என்று பெயர் வைத்தால் சிரிப்பார்கள்.

2016ஐ எடுங்கள். கோல்டன் ஸ்டேட் பருவத்தில் 73 ஆட்டம் வென்ற அணி, இறுதித் தொடரிலும் 3–1 முன்னிலை. நாலாவது ஆட்டத்தில் அவர்களின் டிரேமண்ட் கிரீனின் கை எதிரணி கிளீவ்லாண்டின் லெப்ரான் ஜேம்ஸ் மேல் பட்டதற்கு ஆட்டத்தின்போது ஃப்ளேக்ரன்ட் கொடுக்கவில்லை, பிறகு லீக் உட்கார்ந்து பார்த்து முதலாம் தரம் என்றது. பிளேஆஃபில் முதலாம் தரத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாம் தரத்துக்கு இரண்டு, மூன்றைத் தாண்டினால் ஒரு ஆட்டம் தடை. கிரீனுக்கு முந்தைய தொடர்களில் ஹூஸ்டனோடு ஆடியபோது ஒன்று, ஓக்லஹோமா சிட்டி அணியின் ஸ்டீவன் ஆடம்ஸை உதைத்ததில் இரண்டு, இதோடு நாலு. ஐந்தாவது ஆட்டத்தில் அவர் இல்லை. கிளீவ்லாண்ட் அதை வென்று கடைசியில் 4–3 என்று கோப்பையையும் தூக்கியது. ஆடம்ஸ் விவகாரமும் மைதானத்தில் முதலாம் தரம்தான், மறுநாள்தான் இரண்டாக்கினார்கள். வேண்டுமென்றா, தற்செயலா என்று ஊரே விவாதித்தது, புள்ளிக் கணக்கோ அதைப் பற்றிக் கவலையே படவில்லை.

"வன்தவறு" எனக்கும் முதலில் பிடித்திருந்தது, சின்னச் சொல், வாயில் நிற்கிறது. ஆனால் 2017ல் கோல்டன் ஸ்டேட்டின் ஸாஸா பச்சூலியா செய்ததில் வன்மை எங்கே? சான் அன்டோனியோவின் காவை லெனர்ட் எம்பி எறிந்துவிட்டு இறங்குகிற இடத்தில் இவர் காலைக் கொண்டுபோய் வைத்தார், லெனர்டின் கணுக்கால் பிசகியது, அவ்வளவுதான். அப்போது சான் அன்டோனியோ 23 புள்ளி முன்னிலை, லெனர்ட் போனதும் அதெல்லாம் கரைந்து 113–111 என்று தோற்றார்கள். நடுவர் கொடுத்தது சாதாரண ஃபவுல். அடுத்த பருவத்திலிருந்து, இறங்க இடம் விடாவிட்டால் ஃப்ளேக்ரன்ட் வரை கொடுக்கலாம் என்றாக்கினார்கள்.

சரி, என் கணக்குக்கு வருகிறேன். தோட்டத்தில் பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் போடுகிற பாதிச் சம்பளத்துக்கு "அரைப்பேர்" என்கிறோம். எந்தத் திணைக்களமும் உட்கார்ந்து ஆக்கிய சொல் இல்லை அது. சொன்ன உடனே அன்றைய நட்டம் எவ்வளவு என்று கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும். அந்த மாதிரி தரத்துக்கு ஒரு பெயர் வேண்டும் எனக்கு. முதலாம் தரம் வீண்மோதல். இரண்டாம் தரம் மிகைமோதல். வீண் வம்பு, வீண் செலவு என்று ஆயிரம் தடவை சொல்கிற வாய்தானே, விளக்கவே தேவையில்லை. பச்சூலியாவின் காலுக்கும் பொருந்தும், எங்கள் பையனை இழுத்த கைக்கும் பொருந்தும்.

(இன்னொன்று. டெக்னிக்கல் ஃபவுலை "தொழில்நுட்பத் தவறு" என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். நடுவரைத் திட்டியதற்கு விசில் அடித்தால், கணினி பழுதாகிவிட்டது போல இருக்கிறது.)

– ஹட்டன்

* * *

தம்பி,

வீண் எனக்குச் சம்மதம். மோதல்தான் இடிக்கிறது. இந்த நாட்டில் இருந்துகொண்டு வானொலியில் "மோதல்" என்று கேட்டு வளர்ந்த காதுக்கு அது பந்து விளையாட்டாகக் கேட்குமா, சொல்லுங்கள். அதோடு இறங்குகிற இடத்தில் கால் வைப்பது மோதலும் அல்ல. பாடப்புத்தகத்தில் ஏற்கனவே "தொடுகை" இருக்கிறது, நீங்களே விதியைச் சொல்லும்போது அதைத்தான் எழுதினீர்கள்! வீண்தொடுகை, மிகைத்தொடுகை என்று விட்டுவிடலாமே. இந்தியாவில் வேறு சொல் வைத்துக்கொள்வார்கள் என்றால் வைத்துக்கொள்ளட்டும், பௌதிகத்தில் ‘பவர்’ என்பதை நாம் வலு என்றும் அவர்கள் திறன் என்றும் படித்தும் இரண்டு பக்கமும் மின்விளக்கு எரிகிறதுதானே.

மற்றது, பள்ளி ஆட்டங்கள் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் விதிப்படி. அங்கே ஃப்ளேக்ரன்ட் என்ற பெயரே கிடையாது. "விளையாட்டுப் பண்பற்ற தவறு" என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், சொல்லி முடிப்பதற்குள் ஆட்டம் அடுத்த பக்கம் போய்விடுகிறது.

– பதுளை

* * *

அக்கா,

தொடுகை சரியான சொல்தான், ஆனால் கழுத்தில் கை போட்டுச் சாய்த்ததைத் "தொடுகை" என்றால் ராம்பிஸ் கோபித்துக்கொள்வார். வீணிடி, மிகையிடி என்று மாற்றிப் பார்த்தேன், வானிலை அறிக்கை மாதிரி வந்துவிட்டது.

நேற்று மாலை பையன்களிடம் இரண்டையும் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். பத்து நிமிடத்தில் மோதலும் போச்சு, தொடுகையும் போச்சு. "அண்ணே வீண்! வீண் குடுங்க!" என்று கத்துகிறார்கள். இரண்டாம் தரத்தைக் கேட்கிறவன் "மிகை" என்கிறான். எனக்கு அதுவே போதும் போல இருக்கிறது. தாளில் வீண், மிகை என்று திருத்திவிட்டேன், பின்னால் எதைச் சேர்ப்பது என்று குழு முடிவெடுக்கட்டும். ஃபீபா சொல்லுக்குத் தனி இழை தொடங்குங்கள் அக்கா, அது பெரிய சண்டை.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது வேறு இடத்தில். முதலாம் தரத்தை மறுநாள் இரண்டாக்குவதற்கு "தரமுயர்த்தல்" என்று எழுதிவிட்டேன். நம் ஊரில் பாடசாலையையும் ஆஸ்பத்திரியையும்தான் தரமுயர்த்துவார்கள். ஃபவுலை உயர்த்தினால் யாராவது நாடா வெட்ட வருவார்களோ என்று பயமாக இருக்கிறது. வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள், சனிக்கிழமை தாளை நகல் எடுக்கப் போகிறேன்.