‘இந்தியர்’ என்று எழுதியதை அழிக்கச் சொன்ன பிள்ளை

சத்தி டீச்சர்:

பதினொன்றாம் வகுப்பு சேர்க்கை நேரம், கூட்டம் அதிகம். பவானிசாகர் முகாம் பிள்ளையின் விண்ணப்பத்தை நானே மளமளவென்று நிரப்பிக்கொண்டிருந்தேன். தேசியம் என்ற இடத்தில் கை தானாக ‘இந்தியர்’ என்று எழுதிவிட்டது. "ஏனுங்க டீச்சர், அதை மாத்தோணும். இலங்கை அகதின்னு போடுங்க" என்றாள். சொல்லிவிட்டு ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து ஒயிட்னரை எடுத்து நீட்டினாள். அதற்கென்றே கொண்டுவந்திருக்கிறாள்! முன்பு ஒருமுறை யாரோ தப்பாக எழுதி, அதைத் திருத்த அவள் அப்பா நாலு நாள் கூலியை விட்டு அலைந்தாராம்.

அவள் பிறந்தது இங்கேதான். அவள் அம்மா பிறந்ததும் முகாமில்தான். ஒயிட்னர் காயும்வரை நாங்கள் இருவரும் அந்தத் தாளை ஊதிக்கொண்டிருந்தோம்.

ஈரோடு பெயிண்ட் கான்ட்ராக்டர்:

என்னிடம் வேலை செய்பவர்களில் பாதிப் பேர் கேம்ப்காரர்கள். பெருந்துறையில் ஒரு வீடு, வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். பட்டி பார்த்துக்கொண்டிருந்த பையன் மதியமே கையைக் கழுவிவிட்டான். "நாளைக்கு செக்கிங்ங்கண்ணா." முகாமில் பேர் கூப்பிட்டு ஆள் இருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் செக்கிங். எனக்கு வந்த கோபத்தில், கையோடு திரும்பக் கூட்டிவந்துவிடலாம் என்று மறுநாள் நானே வண்டியை எடுத்துக்கொண்டு அரச்சலூர் முகாமுக்குப் போனேன். வரிசையில் அவன் மனைவி. தோளில் குழந்தை, நல்ல காய்ச்சல், துண்டைச் சுற்றியிருந்தது. பேர் கூப்பிட்டதும் துண்டை விலக்கி முகத்தைக் காட்டினாள். ஒரு டிக். அவ்வளவுதான். குழந்தைக்கு அரசு தரும் பணக்கொடை மாதம் 500 ரூபாய். காசு கிடக்கட்டும், பேர் விட்டுப்போய்விடக் கூடாதே என்றுதான் அவர்கள் பயம்.

கிரகப்பிரவேசம் ஒரு கோட்டிங் குறைவாகத்தான் நடந்தது.

நொய்யல்கரை:

என் கதை சின்னது. திருப்பூரில் பக்கத்து லைன் வீட்டு ஒடிசாக் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூடப் போனேன். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் தேசியம் என்ன என்று யாரும் யோசிக்கவே இல்லை. டீச்சரின் பிள்ளையை நினைத்தால் அதுதான் உறுத்துகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கான்ட்ராக்டர் அண்ணா மாதிரி உச்சுக்கொட்டிவிட்டுப் போவதில் பிரயோஜனம் இல்லைங்க. அகதி அந்தஸ்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டமே கிடையாது. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் 1992-ல் சேர்ந்தோம், ஆனால் அதை வைத்துக் குடியுரிமை வாங்க முடியாது. பிறந்த தேதியைப் பாருங்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே இந்தியர். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். அந்த 1987 தேதிக்குப் பிறகு பிறந்தவர் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பரிலிருந்து இன்னும் கறார்: மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கவும் கூடாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மட்டும்தான், இலங்கை இல்லை. தாத்தா இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவரா என்று விசாரியுங்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்தவர் என்றால் டிரங்குப் பெட்டியில் ஏதாவது காகிதம் இருக்கும். நல்ல வக்கீலாகப் பார்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

சத்தி டீச்சர்:

நான் வழி கேட்கவில்லைங்க. அந்தப் பிள்ளை பிறந்தது 2008-ல். டிரங்குப் பெட்டி மன்னாரிலேயே போயிற்றாம்.

கோபி விவசாயி:

திட்டுவீர்கள், பரவாயில்லை. 2022-ல், இலங்கைப் பொருளாதார நெருக்கடி சமயம், ராமேஸ்வரம் போயிருந்தபோது தனுஷ்கோடியில் படகில் வந்தவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றினார்கள். குண்டுக்குப் பயந்து 1983-லும் அதற்குப் பிறகும் வந்தவர்கள் வேறு, பால்மாவு விலைக்குப் பயந்து வந்தவர்கள் வேறு. இரண்டுக்கும் ஒரே பேர் வைத்தால் முதலில் வந்தவர்களின் நியாயமும் சேர்ந்து கெட்டுப்போகும். அன்றைக்கும் அப்படித்தான் சொன்னேன், இன்றைக்கும் அதுதான். ஆனால் அதில் ஒரு பையன் பள்ளிக்கூட யூனிபார்மிலேயே வந்திருந்தான். வெள்ளைச் சட்டை, நீல டவுசர், முழங்கால்வரை உப்பு. இருந்ததில் நல்ல துணி அதுதானோ என்னவோ.

கேம்ப் பொண்ணு, கோவை:

எங்களுக்கு எது வேண்டும் என்று எங்கள் வீட்டிலேயே ஒத்துப்போகவில்லை, நீங்கள் எங்கே ஒத்துப்போவது. அண்ணன் மகள் 2023-ல் பிறந்தாள். முகாமில் பதிவதா வேண்டாமா என்று மூன்று நாள் சண்டை. இன்னொரு தலைமுறைக்கும் அகதிப் பேர் வேண்டாம் என்றான் அண்ணன். பதியாவிட்டால் பிள்ளை எந்தக் கணக்கிலும் இல்லை என்றாள் அம்மா. சென்னையில் இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதியுங்கோ, அங்கே காணி கிடக்குது என்றாள் அம்மம்மா. மறுவாழ்வு முகாம் என்று 2021-ல் பேர் மாறியது, நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பதிவேடு அதே பதிவேடு.

கடைசியில் அம்மாதான் ஜெயித்தாள். வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) எழுதிக்கொண்டே "சொந்த ஊர்?" என்றார். அண்ணன் "பவானிசாகர்" என்றான். "அது இருக்கட்டும் தம்பி, சொந்த ஊர்?" அண்ணன் வாயே திறக்கவில்லை. பின்னாலிருந்து அம்மம்மா, அந்தக் கூடத்துக்கே கேட்கும்படி, "முல்லைத்தீவு!" என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார். அண்ணன் அன்றைக்கு முழுக்க அம்மம்மாவோடு பேசவில்லை.