புதுத் தார்ச் சாலை ஏன் சீக்கிரம் பெயர்கிறது? உங்கள் அனுபவம் என்ன?

சாலைப் பணியாளர், துவாஸ்:
சாலை பெயர்ந்தால் எல்லோரும் தாரின் தரத்தைத்தான் திட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், ஆறிப்போன கலவைதான் முக்கால்வாசிக் காரணம். தாரும் ஜல்லியும் சேர்ந்த கலவை ஆலையிலிருந்து கிளம்பும்போது ஏறத்தாழ 160 டிகிரியில் இருக்கும். 80-க்குப் பக்கத்தில் இறங்கிவிட்டால் ரோலரை எத்தனை தடவை ஓட்டினாலும் இறுகாது. உள்ளே காற்றிடைவெளி 8 விழுக்காட்டைத் தாண்டினால் துளைகள் ஒன்றோடொன்று இணைந்து தண்ணீருக்கு வழிவிடும். தண்ணீர் ஜல்லியிலிருந்து தாரை உரித்துவிடும். சிங்கப்பூர் மழைக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

பிடோக் பக்கம் ஓர் இரவு வேலை. தூறல் பிடித்துக்கொண்டது, லாரி காத்துக் கிடந்தது. தார்ப்பாயை விலக்கினால் கலவையின் மேல் பொருக்குத் தட்டியிருந்தது. வெப்பமானியைச் செருகினோம், 112 டிகிரி. பரப்பி உருட்டி முடிப்பதற்குள் இன்னும் ஆறிவிடும். விடிவதற்குள் சாலையைத் திறந்தாக வேண்டும், போடுங்கள் என்று குத்தகைக்காரர் குதித்தார். எங்கள் மேற்பார்வையாளர் பட்டுக்கோட்டைக்காரர், அசையவில்லை. "போடலாம் அண்ணே, அடுத்த மழைக்கு நாமே வந்து தோண்டவும் வேண்டும்" என்றார். லாரி திரும்பிப் போனது.

பஸ் ஓட்டுநர், உட்லண்ட்ஸ்:
எனக்குத் தெரிந்தது நிறுத்தங்கள்தான். ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டிதான் தாருக்குப் பகை. மத்தியான வெயிலில் இளகிய தார்மேல் பஸ் வரிசையாக வந்து பிரேக் போட்டு நின்றால், சக்கரத் தடத்தில் பள்ளம் விழும், முன்னால் மேடு தள்ளிக்கொண்டு நிற்கும். மழைநாளில் அந்தப் பள்ளத்துத் தண்ணீர் பயணிகள் மேல் தெறித்தால், ஏச்சு எனக்கு! கான்கிரீட் போட்ட நிறுத்தங்களில் இந்தத் தொல்லை இல்லை.

ஆய்வுக்கூட ஊழியர், ஜூரோங்:
ஓட்டுநர் அண்ணன் சொல்வது சரி. வண்டியின் கனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அச்சுப் பளு, அதாவது ஓர் அச்சின் சக்கரங்கள் சாலைமேல் ஏற்றும் கனம், இரட்டித்தால் சாலைக்குச் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு. அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டிப் பார்த்த சோதனையிலிருந்து வந்த கணக்கு இது. கனரக லாரி போகும் சாலைக்கும் வீட்டுவாசல் சாலைக்கும் ஒரே கலவை என்பது வீண்செலவு. பளு அதிகமான இடத்தில் பாலிமர் கலந்த தார் போடுங்கள். வெயிலில் அவ்வளவு எளிதில் இளகாது.

சாலைப் பணியாளர், துவாஸ்:
பாலிமர் தார் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது இன்னும் கெட்டி. சாதாரணக் கலவையைவிட அதிகச் சூட்டில், கலவையைப் பரப்பும் பேவர் எந்திரத்தின் வாலைப் பிடித்தபடி ரோலர் ஏற வேண்டும். ஆலை தூரமாக இருந்து, லாரி நெரிசலில் மாட்டினால், விலையுயர்ந்த தாரும் அதே கதிதான். பக்கம் பக்கமாகப் போட்ட இரண்டு தார்ப் பட்டைகள் சேரும் இணைப்பைப் பாருங்கள், விரிசல் முதலில் அங்கேதான் வரும். ஆறிய விளிம்பை வெட்டித் தார் தடவாமல் அடுத்த பட்டையை ஒட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.