‘துணைச்செயலாக்கம்’ வேண்டாம், ‘செயற்பிளவு’ எனலாமா?

> இரட்டித்த மரபணுக்களுக்கு நேர்வதைச் செயலிழப்பு, துணைச்செயலாக்கம், புதுச்செயலாக்கம் என்று வைத்துக்கொள்ளலாமே. கேட்டதும் புரிகிறது.

வணக்கம் ஐயா. ஒரு மரபணு இரட்டித்து இரண்டு படிகளாக (நகல்களாக) ஆனபின் அவற்றுக்கு நேர்வதற்கு நீங்கள் சொன்ன மூன்று சொற்களில், செயலிழப்பில் எனக்கு மறுப்பே இல்லை. மணத்தை உணர உதவும் நம் மோப்ப ஏற்பி மரபணுக்களில் பாதிக்கு மேல் அப்படிப் போனவைதான். மற்ற இரண்டும் (ஆங்கிலத்தில் subfunctionalization, neofunctionalization) உறுத்துகின்றன.

முதலில் ‘துணை’. துணைத்தலைவர், துணைவேந்தர் என்று பழகிய காதுக்கு, மூல மரபணுவுக்கு இன்னொன்று உதவியாக நிற்பதுபோலத் தோன்றும். இங்கே மேல் கீழ் கிடையாது.

நடப்பது இதுதான். ஒரு மரபணு உடலில் இரண்டு இடங்களில் வேலை செய்கிறது. ஒவ்வோர் இடத்துக்கும் தனி சுவிட்ச் உண்டு. அது இரண்டு படிகளானதும், ஒரு படியில் முதல் சுவிட்ச் சடுதிமாற்றத்தால் கெடுகிறது. மற்றது அந்த வேலையைப் பார்த்துக்கொள்வதால் உயிருக்குக் கேடில்லை. அப்புறம் அந்த மற்றதில் இரண்டாவது சுவிட்ச் கெடுகிறது. இப்போது எந்தப் படி போனாலும் ஒரு வேலை நின்றுவிடும். அதனாலேயே இரண்டும் நிலைத்துவிடுகின்றன. 1999இல் ஆய்வாளர்கள் ஆலன் ஃபோர்ஸ், மைக்கேல் லிஞ்ச் குழுவினர் இதை விளக்கியபோது வரிக்குதிரை மீனைக் காட்டினார்கள். எலியில் என்கிரெயில்ட்-1 என்ற ஒரே மரபணு பார்க்கும் வேலையில், மீனின் ஒரு படி முன்துடுப்பு அரும்பை எடுத்துக்கொண்டது. மற்றது பின்மூளை, தண்டுவட நரம்பணுக்களை.

நிகழ்ந்தது முழுக்க இழப்பு. ‘ஆக்கமும் கேடும்’ என்று எதிரெதிராக நிறுத்துகிற மொழி நம்முடையது. கெட்டுக் கெட்டு விளைந்ததை ஆக்கம் என்று எப்படிச் சொல்வது?

‘செயற்பகிர்வு’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல். ஆனால் பகிர்வதற்கு மனம் வேண்டும். மரபணு எதையும் பிரித்துக் கொடுப்பதில்லை. அதன் செயல் தானாகப் பிளவுபடுகிறது. ஆகவே ‘செயற்பிளவு’. கடுமையாக ஒலித்தால், அணுக்கருப் பிளவு பாடநூலிலேயே பழகிய சொல் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ‘செயல்’ என்பதற்குப் பதில் ‘பணி’ என்று தொடங்கலாம்தான். ஆனால் ‘பணியிழப்பு’ என்றால் வேலை போனது என்றே படிப்பார்கள்.

புதுச்செயலாக்கத்துக்கு ‘புதுச்செயற்பேறு’ என்று எண்ணினேன். மகப்பேறுபோல, வாய்த்தது என்ற பொருளில். 1970இல் மரபியலாளர் சுசுமு ஓனோ வலியுறுத்திய வழி இது: ஒரு படி பழைய வேலையைக் காக்க, கட்டற்ற மற்றொரு படி புதியதை எட்டுகிறது.

இங்கேதான் எனக்கே தயக்கம். அண்டார்க்டிக் கடலின் ஈல்பௌட் மீனில், சியாலிக் அமிலத்தைத் தொகுக்கும் நொதியின் மரபணு இரட்டித்து, ஒரு படி உறைதடுப்புப் புரதமாக மாறியது. ஆனால் பனிப்படிகத்தைப் பற்றும் திறன் பழைய நொதியிலேயே மெலிதாக இருந்தது. ஒரே புரதத்தில் இரண்டையும் சேர்த்து மேம்படுத்த முடியாத நெருக்கடி, இரட்டித்ததும் தீர்ந்தது. அப்படியானால் இது பேறா, பிளவா? ‘புது’ என்ற முன்னொட்டே இங்கு பொருந்துமா? இந்த வகைக்குத் தனிச்சொல் வேண்டும் என்றே படுகிறது. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள் ஐயா.